ஹைக்கூவும் அப்பாவின் டாலியும்: மெய்நிகர் கணினியில் எந்த டிஸ்க் அழியும்?

கேள்வி:

பெங்களூர் அல்சூரில் இருக்கிறோம். நான் பிசிஏ இரண்டாம் ஆண்டு. இயங்குதளங்கள் பாடத்தின் செமினாருக்கு ஹைக்கூ என்ற இயங்குதளத்தை எடுத்திருக்கிறேன். வீட்டில் இருப்பது ஒரே லேப்டாப்: விண்டோஸ் 11, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. அதில் 40 ஜிபி காலியாக இருக்கிறது. அப்பாவின் மளிகைக் கடை டாலி கணக்கும் அதில்தான். விண்டோஸுக்குள்ளேயே ஒரு மெய்நிகர் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளைப் போட்டு, அதில் ஹைக்கூவை நிறுவப் போனேன். "டிஸ்க்கில் உள்ள எல்லாம் அழிந்துவிடும்" என்று கேட்டதும் பயந்து மூடிவிட்டேன். தோழி தைரியம் சொன்னதால் மறுபடி செய்தேன். முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் பழையபடி நிறுவச் சொல்லும் திரையே வருகிறது. மூன்று முறை ஆயிற்று. ஒவ்வொரு முறையும் ஓடிப்போய் டாலியைத் திறந்து பார்க்கிறேன். ஜன்னலின் கீழே ஓர் ஆமைப் படம் தெரிகிறது, எல்லாம் மெதுவாக நகர்கிறது. ஒரு வீடியோவில் பயாஸுக்குள் (விண்டோஸ் எழுவதற்கு முந்தைய அடிப்படை அமைப்புத் திரை) போய் விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்யச் சொன்னார்கள். இன்னும் தொடவில்லை. வீட்டு வைஃபையில் ஹைக்கூவுக்குள் நெட் வருகிறது, கல்லூரி வைஃபையில் வருவதில்லை. தமிழ் எழுத்தெல்லாம் உடைந்து தெரிகிறது. அண்ணனின் ஆபீஸ் லேப்டாப்பில் 16 ஜிபி ராம் இருக்கிறது. அதில் செய்துவிடலாமா?

பதில்:

முதலில் டாலி. அது அப்படியே இருக்கிறது, கவலை வேண்டாம். டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்று ஹைக்கூ எச்சரிக்கும்போது, தன் கண்ணுக்குத் தெரிகிற டிஸ்க்கைத்தான் சொல்கிறது. அதன் கண்ணுக்குத் தெரிவது விர்ச்சுவல்பாக்ஸ் காட்டுகிற டிஸ்க் மட்டுமே. விண்டோஸ் பக்கத்திலிருந்து பார்த்தால், உங்கள் பயனர் கோப்புறைக்குள் 'விர்ச்சுவல்பாக்ஸ் விஎம்ஸ்' என்ற கோப்புறையில் விடிஐ என்ற பின்னொட்டோடு இருக்கும் ஒற்றைக் கோப்புதான் அந்த டிஸ்க். அதை நூறு முறை அழித்து நூறு முறை வடிவமைத்தாலும் மாறுவது அந்தக் கோப்பு ஒன்றே.

இனி சந்தேகம் வந்தால் அளவைப் பாருங்கள். உங்கள் 256 ஜிபி எஸ்எஸ்டியை விண்டோஸ் சுமார் 238 ஜிபி என்று காட்டும். டிஸ்க்கைப் பிரித்து வடிவமைக்கும் ஹைக்கூவின் கருவியான டிரைவ்செட்டப்பின் பட்டியலில் அந்த 238 எங்கும் இருக்காது. நீங்கள் உருவாக்கிய மெய்நிகர் டிஸ்க்கும் (கீழே சொல்கிறபடி செய்தால் 16 ஜிபி), அதனோடு ஹைக்கூவை நிறுவ இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பு ஒரு சிடியைப் போலவும் தெரியும். அவ்வளவுதான்.

ஆனால் இந்த வேலி சில இடங்களில் திறந்திருக்கிறது. அதை யாரும் சொல்லித் தருவதில்லை. விர்ச்சுவல்பாக்ஸின் 'டிவைசஸ்' மெனுவில் யுஎஸ்பி வழியாக ஒரு பென் டிரைவை உள்ளே அனுப்பினால், போவது நிஜமான பென் டிரைவ். அதுவும் டிரைவ்செட்டப் பட்டியலில் மெய்நிகர் டிஸ்க்குக்குப் பக்கத்திலேயே வந்து உட்காரும். அங்கே தவறான வரியைத் தேர்ந்தெடுத்து 'இனிஷியலைஸ்' கொடுத்தால் உண்மையிலேயே எல்லாம் போய்விடும். அதனால் நிறுவும் நேரத்தில் லேப்டாப்பில் எந்த பென் டிரைவும், எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் செருகியிருக்க வேண்டாம். அப்பாவின் கணக்கைப் பொறுத்தவரை, டாலிபிரைமில் ஆல்ட்டோடு ஒய் அழுத்தி 'டேட்டா'வுக்குள் 'பேக்கப்' எடுத்து ஒரு பென் டிரைவில் வைத்துவிடுங்கள். அந்த பென் டிரைவை உருவி அலமாரியில் வைத்த பிறகு ஹைக்கூவைத் தொடுங்கள். ஹைக்கூவுக்காக இல்லாவிட்டாலும் செய்ய வேண்டிய காரியம் அது. கடைக் கணக்கு ஒரே எஸ்எஸ்டியில் மட்டும் இருப்பது நல்லதல்ல.

பயாஸுக்குள் போகாமல் விட்டீர்களே, அது நல்லதாயிற்று. உங்களுக்கு அது தேவையே இல்லை. அந்த ஆமைதான் சாட்சி. விண்டோஸின் சொந்த ஹைப்பர்வைசர் (மெய்நிகர் கணினிகளை இயக்கும் அடுக்கு) ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, பிராசஸரின் விர்ச்சுவலைசேஷன் வசதியை அது தன் கையில் வைத்திருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் நேரடியாக பிராசஸரைத் தொட முடியாமல் அதன் வழியாக ஓடுகிறது என்பதுதான் ஆமைக்கு அர்த்தம். பயாஸில் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருந்தால் விண்டோஸ் ஹைப்பர்வைசரே எழுந்திருக்காது, ஆமையும் வந்திருக்காது. உறுதி செய்ய டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்', 'சிபியு' பக்கத்தைத் திறங்கள். வலப்பக்கம் கீழே 'விர்ச்சுவலைசேஷன்: எனேபிள்டு' என்று இருக்கும்.

என்றைக்காவது வேறு லேப்டாப்பில் அது 'டிஸேபிள்டு' என்றிருந்து பயாஸுக்குள் போக வேண்டி வந்தால், அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. விண்டோஸ் 11 பல லேப்டாப்களில் டிஸ்க்கைத் தானாகவே பிட்லாக்கரால் பூட்டி வைத்திருக்கும். பயாஸில் அமைப்பை மாற்றிவிட்டு வந்தால் சில கணினிகள் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நின்றுவிடும். அந்தச் சாவி பெரும்பாலும் விண்டோஸில் உள்நுழையப் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். வேறொரு போனில் அந்தக் கணக்கைத் திறந்து, சாவியைத் தாளில் எழுதிக்கொண்டு, பிறகு பயாஸுக்குப் போங்கள். அமைப்பின் பெயர் இன்டெல் பிராசஸரில் 'இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி', ஏஎம்டியில் 'எஸ்விஎம் மோட்'. ஹைக்கூவின் எச்சரிக்கைக்குப் பயந்தீர்கள், பயாஸ் மாற்றச் சொன்ன வீடியோவுக்குப் பயப்படவில்லை. உங்கள் வீட்டு நிலைமையில் ஆபத்து இரண்டாவதில்தான் அதிகம்.

ஆமையை என்ன செய்வது? விண்டோஸ் தேடலில் 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' என்பதைத் திறந்தால் ஒரு நீளமான பட்டியல் வரும். அதில் 'ஹைப்பர்-வி', 'விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம்', 'விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம்', 'விண்டோஸ் சாண்ட்பாக்ஸ்' ஆகியவற்றில் எது டிக் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். கல்லூரி வேலைக்காக விண்டோஸுக்குள் லினக்ஸ் (டபிள்யுஎஸ்எல் 2) போட்டிருந்தால் 'விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம்' அதற்கு வேண்டும், அதை எடுத்தால் லினக்ஸ் திறக்காது. அப்படி எதுவும் இல்லையென்றால் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அதற்குப் பிறகும் ஆமை போகவில்லையா? காரணம் 'மெமரி இன்டெக்ரிட்டி'யாக இருக்கலாம். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'டிவைஸ் செக்யூரிட்டி', 'கோர் ஐசொலேஷன்' பகுதியில் அது இருக்கும். கெட்ட டிரைவர்கள் விண்டோஸின் உள்மையத்தில் (கெர்னல்) நுழையாமல் காப்பது அதன் வேலை. அதை அணைத்தால் ஆமை போகலாம், பாதுகாப்பில் ஒரு பூட்டும் சேர்ந்து போகும். கடைக் கணக்கு இருக்கிற லேப்டாப்பில் அதை அணைக்காதீர்கள் என்பதே என் கருத்து. ஹைக்கூ மிகவும் இலகுவான இயங்குதளம். ஆமையோடும் செமினாருக்குப் போதுமான அளவு ஓடும். ஆமை நிலையில் இரண்டு பிராசஸர் கொடுத்துத் திக்கித் திணறினால், ஒன்றாகக் குறைத்துப் பாருங்கள். சில கணினிகளில் அதுவே வேகமாக இருக்கும். லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும். பேட்டரி சேவர் ஆன் ஆகியிருந்தால் முதலில் அடிபடுவது மெய்நிகர் கணினிதான்.

இனி அமைப்புகள். ஏற்கெனவே உருவாக்கியதை வைத்துக்கொண்டு மல்லாடுவதை விட, அதை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்குவது சுலபம். ஹைக்கூவின் தளத்திலிருந்து 64 பிட் நிலையான வெளியீட்டை எடுங்கள். 2024 செப்டம்பரில் வந்தது ஆர்1 பீட்டா5. அதற்குப் பிந்தைய பீட்டா இருந்தால் அது. 'நைட்லி' என்று தினமும் வருவது முதல் முறைக்கு வேண்டாம். ஜிப்பாக வரும், பிரித்தால் உள்ளே ஐஎஸ்ஓ இருக்கும். ஜிபிக் கணக்கில் பெரிய கோப்பு என்பதால் போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்கினால் ஒரு நாள் டேட்டா அதிலேயே தீர்ந்துவிடும். பாதியில் அறுந்த கோப்பால்தான் பலருக்கு நிறுவுதல் நடுவில் நிற்கிறது. கோப்பு முழுதாக வந்ததா என்று சரிபார்க்க, தளத்தில் கொடுத்திருக்கும் எஸ்எச்ஏ-256 எண்ணோடு ஒப்பிட்டுவிடுங்கள். 7-ஜிப் இருந்தால் கோப்பின் மேல் வலது கிளிக்கில் அந்த எண் கிடைக்கும்.

விர்ச்சுவல்பாக்ஸில் 'நியூ' அழுத்தி, ஐஎஸ்ஓவைக் காட்டி, 'ஸ்கிப் அன்அட்டெண்டட் இன்ஸ்டலேஷன்' தெரிந்தால் டிக் செய்யுங்கள். வகை 'அதர்', பதிப்பு 'அதர்/அன்நோன் 64 பிட்'. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'அதர்' என்றதும் விர்ச்சுவல்பாக்ஸ், பழங்காலத்துச் சின்ன இயங்குதளம் என்று எண்ணிக்கொண்டு மிகக் குறைவான ராமையும் மிகச் சிறிய டிஸ்க்கையும் முன்வைக்கும். அப்படியே 'நெக்ஸ்ட்' அழுத்திக்கொண்டே போனால் ஹைக்கூ எழுந்திருக்காது, எழுந்தாலும் நிறுவ இடம் இருக்காது. ஹைக்கூவுக்குக் குறைந்தபட்சம் 384 எம்பி ராமும் 3 ஜிபி இடமும் வேண்டும். வசதியாக ஓட 2 ஜிபி ராம், 16 ஜிபி டிஸ்க். உங்களிடம் இருக்கும் 8 ஜிபியில் 2,048 எம்பி கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். விண்டோஸ் 11 தானே 4 ஜிபிக்கு அருகில் எடுத்துக்கொள்ளும், குரோம் மிச்சத்தைத் தின்னும். ராம் தீர்ந்தால் விண்டோஸ் எஸ்எஸ்டியில் எழுதி எழுதிச் சமாளிக்கும். அப்போது இரண்டு பக்கமும் நின்றுபோன மாதிரி ஆகிவிடும்.

டிஸ்க்கை முழு அளவையும் முன்கூட்டியே ஒதுக்காத வகையில் வையுங்கள், எழுத எழுத வளரும். ஆனால் வளர்ந்த கோப்பு தானாகச் சுருங்காது. அது ஒன்டிரைவோடு இணைந்த கோப்புறையில் இருக்கக் கூடாது என்பது முக்கியம். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் இரண்டையும் விண்டோஸ் 11 பல சமயம் சொல்லாமலே ஒன்டிரைவோடு சேர்த்துவிடும். அங்கே வைத்தால் சில ஜிபி கோப்பு ஒவ்வொரு முறையும் மேலே ஏறப் பார்க்கும். இலவசமாகக் கிடைப்பதோ 5 ஜிபி.

உருவாக்கிய பிறகு 'செட்டிங்ஸ்' திறந்து இவற்றைச் சரிபாருங்கள்: 'எனேபிள் இஎஃப்ஐ' டிக் இல்லாமல் இருக்கட்டும். சுட்டும் கருவி 'யுஎஸ்பி டேப்லெட்'. அப்படி வைத்தால் மவுஸ் ஜன்னலுக்குள் மாட்டிக்கொள்ளாது. மாட்டிக்கொண்டால் வலப்பக்க கன்ட்ரோல் சாவியை அழுத்தினால் விடுபடும். கிராஃபிக்ஸ் கன்ட்ரோலர் 'விபாக்ஸ்எஸ்விஜிஏ', வீடியோ மெமரி 64 எம்பி, 3டி முடுக்கம் வேண்டாம். நெட்வொர்க்கில் 'நேட்', கார்டு வகை 'இன்டெல் ப்ரோ/1000 எம்டி டெஸ்க்டாப்'. அந்த கார்டுக்கான டிரைவர் ஹைக்கூவுக்குள்ளேயே இருக்கிறது.

கல்லூரி வைஃபை சிக்கலும் இதில்தான் இருக்கிறது. ஏதோ வீடியோவைப் பார்த்து 'பிரிட்ஜ்டு' என்று வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பிரிட்ஜ்டில் ஹைக்கூ தனி ஆளாகப் போய் ரவுட்டரிடம் முகவரி கேட்கும். வீட்டு ரவுட்டர் யார் கேட்டாலும் கொடுக்கும். கல்லூரி வைஃபையோ பதிவு செய்த சாதனத்துக்கும், உள்நுழைவுப் பக்கத்தில் பெயர் கொடுத்தவருக்கும் மட்டும் வழி விடும். முன்பின் தெரியாத ஹைக்கூவை வாசலிலேயே நிறுத்திவிடும். நேட்டில் அந்தச் சிக்கல் இல்லை. ஹைக்கூ அனுப்புவதெல்லாம் லேப்டாப்பின் பெயரிலேயே வெளியே போகும். விண்டோஸில் நீங்கள் கல்லூரி வைஃபையில் நுழைந்திருந்தால் ஹைக்கூவுக்கும் நெட் வரும். ஹைக்கூவுக்குள் முகவரி 10.0.2.15 என்று காட்டினால் நேட் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இனி நிறுவுதல். ஹைக்கூ எழும்போது திரையில் ஏழு சிறு படங்கள் மங்கலாக வரிசையில் நிற்கும், ஒவ்வொன்றாக நிறம் பெறும். அணு, பூதக்கண்ணாடியோடு டிஸ்க், கார்டு, பூட் டிஸ்க், சிப், கோப்புறை, கடைசியில் ராக்கெட். இது அலங்காரம் மட்டுமல்ல. எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்தே கோளாறு எது என்று ஊகிக்கலாம். நான்காவதான பூட் டிஸ்க்கில் நின்றால், தான் எழ வேண்டிய டிஸ்க்கை ஹைக்கூ கண்டுபிடிக்கவில்லை. சேமிப்பக அமைப்பையும் ஐஎஸ்ஓ முழுதாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ராக்கெட் வரை வந்து திரை கறுத்தால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ். மெய்நிகர் கணினியை நிறுத்தி, மறுபடி தொடங்கி, ஜன்னலுக்குள் ஒரு கிளிக் செய்துவிட்டு ஷிஃப்ட் சாவியை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த கிளிக்கை மறந்தால் ஷிஃப்ட் விண்டோஸுக்குத்தான் போகும். மெனு ஒன்று வரும். அதில் பாதுகாப்பான வீடியோ முறையைத் தேர்ந்தெடுத்துத் தொடருங்கள். எப்போதாவது திரையில் 'வெல்கம் டு கெர்னல் டிபக்கிங் லேண்ட்' என்று எழுத்தாக வந்து நின்றால் அது வைரஸ் இல்லை. ஹைக்கூவின் உள்மையம் தடுக்கி விழுந்த இடத்தைக் காட்டும் திரை. அங்கே 'ரீபூட்' என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால் மறுபடி எழும். ராம் மிகக் குறைவாக வைத்திருந்தால் இது வரலாம்.

வரவேற்புத் திரையில் நிறுவும் பொத்தானை அழுத்தியதும் இன்ஸ்டாலர் திறக்கும். அதில் எந்த டிஸ்க்கும் தெரியாது. புது டிஸ்க் வெறும் தரிசு. ஹைக்கூவின் கோப்பு முறையில் வடிவமைத்த பகுதியை மட்டுமே இன்ஸ்டாலர் பட்டியலில் காட்டும். 'செட் அப் பார்ட்டிஷன்ஸ்' அழுத்தினால் டிரைவ்செட்டப் வரும். 16 ஜிபி வரியைத் தேர்ந்தெடுங்கள். 'டிஸ்க்' மெனுவில் 'இனிஷியலைஸ்', அதில் 'இன்டெல் பார்ட்டிஷன் மேப்'. நீங்கள் பயந்த எச்சரிக்கை இங்கேதான் வரும். அளவு 16 ஜிபி என்பதைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். அடுத்து அந்த வரிக்குக் கீழே தெரியும் காலி இடத்தைத் தேர்ந்தெடுத்து 'பார்ட்டிஷன்', 'கிரியேட்'. முழு அளவும், வகை 'பி ஃபைல் சிஸ்டம்', 'ஆக்டிவ் பார்ட்டிஷன்' டிக். அந்த டிக்கை விட்டுவிட்டால் பிறகு டிஸ்க்கிலிருந்து எழாமல் கறுப்புத் திரையில் நிற்கும். அதன் பிறகு 'ஃபார்மட்', மறுபடி 'பி ஃபைல் சிஸ்டம்'. பெயராக 'அல்சூர்' என்பதை ஆங்கில எழுத்தில் கொடுங்கள். ஏன் சொந்தப் பெயர் என்று சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். பிளாக் அளவு 2,048 என்று இருப்பதைத் தொட வேண்டாம். டிரைவ்செட்டப்பை மூடிவிட்டு இன்ஸ்டாலரில் 'ஆன்டு' என்ற இடத்தில் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கினால், மீதி சில நிமிட வேலை.

மூன்று முறை நிறுவியும் அதே திரை வந்ததற்குக் காரணம் நிறுவுதல் தோற்றது அல்ல. முதல் முறையே நிறுவியாகிவிட்டது. சிடியை வெளியே எடுக்கவில்லை, அவ்வளவுதான். விர்ச்சுவல்பாக்ஸ் எழும்போது முதலில் சிடியைத் தேடும், பிறகுதான் டிஸ்க். ஐஎஸ்ஓ இன்னும் உள்ளேயே இருந்ததால் ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே எழுந்தது. நிறுவி முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்யாமல் மெய்நிகர் கணினியை முழுக்க அணைத்துவிடுங்கள். 'செட்டிங்ஸ்', 'ஸ்டோரேஜ்' பகுதியில் சிடி படத்தைத் தேர்ந்தெடுத்து 'ரிமூவ் டிஸ்க் ஃப்ரம் விர்ச்சுவல் டிரைவ்' கொடுத்த பிறகு தொடங்குங்கள். நேராக டெஸ்க்டாப் வரும். மேலே 'அல்சூர்' என்ற பெயரோடு ஒரு டிஸ்க் படம் இருக்கும். சிடியிலிருந்து எழுந்தோமா, டிஸ்க்கிலிருந்து எழுந்தோமா என்று ஒரே பார்வையில் தெரியத்தான் அந்தப் பெயர்.

எழுந்ததும் மறுபடி அணைத்து, விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு 'ஸ்னாப்ஷாட்' எடுத்து வையுங்கள். செமினாருக்கு முந்தின ராத்திரி எதையாவது கெடுத்துக்கொண்டாலும் ஒரு நிமிடத்தில் இந்த நிலைக்குத் திரும்பிவிடலாம். ஒன்றிரண்டுக்கு மேல் சேர்க்க வேண்டாம், இடத்தை அடைக்கும்.

முதல் நாள் கையைக் குழப்புவது ஷார்ட்கட் சாவிகள். ஹைக்கூவில் காப்பி, பேஸ்ட் எல்லாம் கன்ட்ரோலில் இல்லை, ஆல்ட் சாவியில் இருக்கும். 'கீமேப்' அமைப்பில் விண்டோஸ் வழக்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மூடும் பொத்தான் மஞ்சள் தாவலின் இடப்பக்கத்தில் இருக்கும். திரை சிறியதாகத் தெரிந்தால் 'ஸ்கிரீன்' அமைப்பில் அளவை மாற்றுங்கள்.

தமிழ் உடைவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தவறு உங்கள் பக்கம் இல்லை, ஃபான்ட்டின் பக்கமும் இல்லை. 'பெங்களூரு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் அது ப, அதன் பின்னால் எகரக் கொம்பு, ங, புள்ளி, க, ள, ஊகாரக் குறி, ர, உகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் வரையும்போது கொம்பை எடுத்து பகரத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். ளகரத்தையும் ஊகாரக் குறியையும் இணைத்து ளூ என்ற ஒரே வடிவமாக்க வேண்டும், ரு அதே போல. எழுத்துகளை இப்படி இடம் மாற்றி இணைக்கும் வேலையைச் செய்ய இயங்குதளத்துக்குள் தனி இயந்திரம் வேண்டும். ஹைக்கூவின் சொந்தச் செயலிகளை வரைகிற பகுதியில் அது இல்லை. வந்த வரிசையில் ஒவ்வொன்றாக வரைந்துவிடும். அதனால் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, ஊகாரக் குறி தனியே தொங்குகிறது. செயலிகள் எழுத உதவும் கியூடி நூலகத்தில் எழுதியவை அந்த இயந்திரத்தைத் தாமே கொண்டு வருகின்றன. ஹைக்கூவின் செயலிக் கடையான ஹைக்கூடிப்போவிலிருந்து 'ஃபால்கன்' உலாவியை நிறுவி அதில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எழுத்துக்குப் பதில் கட்டங்கள் வந்தால் ஃபான்ட் இல்லை என்று அர்த்தம். 'நோட்டோ சான்ஸ் தமிழ்' கோப்பை இறக்கி, ஹோம் கோப்புறைக்குள் 'கான்ஃபிக்', 'நான்-பேக்கேஜ்டு', 'டேட்டா', 'ஃபான்ட்ஸ்' என்று வரிசையாகப் போய் அங்கே வையுங்கள், இல்லாத கோப்புறையை நீங்களே உருவாக்கலாம். ஒரே சொல்லை வெப்பாசிட்டிவ் உலாவி போன்ற ஹைக்கூவின் சொந்தச் செயலியிலும் ஃபால்கனிலும் அருகருகே திறந்து செமினாரில் காட்டுங்கள். இயங்குதளம் எழுத்தை எப்படி வரைகிறது என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது. தமிழ் தெரியாத ஆசிரியருக்கும் வித்தியாசம் கண்ணில் படும். கன்னடத்திலும் இதே மாதிரி குறிகள் இணைவதால், வகுப்பில் பாதிப் பேர் தங்கள் மொழியையே போட்டுப் பார்க்கச் சொல்வார்கள்.

செமினார் என்கிறீர்கள், அதனால் இரண்டு விஷயம் கூடுதலாக. ஹைக்கூவை லினக்ஸின் இன்னொரு வடிவம் என்று யாராவது சொன்னால் திருத்துங்கள். ஜான்-லூயி கசே 1990-இல் தொடங்கிய பி நிறுவனத்தின் பிஓஎஸ்தான் அதன் முன்னோடி. 2001-இல் பி நிறுவனத்தின் சொத்துகளை பாம் என்ற கையடக்கக் கணினி நிறுவனம் வாங்கியது. அதே ஆண்டு, பிஓஎஸ் சாகக் கூடாது என்று ஆர்வலர்கள் ஓப்பன்பிஓஎஸ் என்ற பெயரில் முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்கள். 2004-இல் பெயர் ஹைக்கூ ஆயிற்று. முதல் பீட்டா வந்தது 2018-இல். உள்மையம், பி நிறுவனத்தில் வேலை பார்த்த டிராவிஸ் கைசல்பிரெக்டின் நியூஓஎஸ்ஸிலிருந்து வளர்ந்தது. பதினேழு ஆண்டுகள் ஒரு பீட்டாவுக்காக உழைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

செய்து காட்ட: 'பீப்பிள்' செயலியில் ஐந்தாறு பேரை, வெவ்வேறு ஊரோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொருவரும் ஒரு தனிக் கோப்பு. பெயர், ஊர், போன் எண் எல்லாம் கோப்பின் உள்ளே அல்ல, கோப்பில் ஒட்டிய பண்புகளாக இருக்கும். கோப்புறை ஜன்னலின் 'ஆட்ரிபியூட்ஸ்' மெனுவில் ஊரை டிக் செய்தால் அது ஒரு பத்தியாகவே தெரியும். பிறகு 'ஃபைண்ட்' திறந்து பண்பு வாரியாக ஊரின் பெயரைக் கொடுத்துத் தேடுங்கள். முடிவு ஜன்னலைத் திறந்தே வைத்துக்கொண்டு, அதே ஊரில் இன்னொருவரைச் சேர்த்தால் அவர் தானாக அந்த ஜன்னலில் வந்து விழுவார். கோப்பு முறையே ஒரு தரவுத்தளம் மாதிரி வேலை செய்வதைத் தனியாக எந்த மென்பொருளும் இல்லாமல் பார்க்கலாம். இன்னொன்று, ஒரு செயலியை நிறுவிய பின் அணைத்துவிட்டு, ஷிஃப்ட் பிடித்து பூட் மெனுவுக்குப் போய், பூட் வால்யூமின் கீழ் முந்தைய தேதியிட்ட நிலையைத் தேர்ந்தெடுங்கள். நிறுவுவதற்கு முன்பிருந்தபடி ஹைக்கூ எழும். புதுப்பித்தல் சொதப்பினாலும் இதுவே வழி.

ஒரு எச்சரிக்கை. ஹைக்கூவில் ஒரே பயனர்தான். எந்தச் செயலிக்கும் எல்லா உரிமையும் உண்டு. நெட் பேங்கிங், யுபிஐ தொடர்பான கணக்கு, அப்பாவின் ஜிஎஸ்டி உள்நுழைவு எதையும் அதற்குள் செய்ய வேண்டாம்.

அண்ணனின் ஆபீஸ் லேப்டாப்பைத் தொடாதீர்கள். பெங்களூரில் பாதி வீட்டில் இந்தக் கேள்வி வருகிறது. அதில் எதை நிறுவலாம் என்று தீர்மானிக்கும் உரிமை கம்பெனிக்கு, அண்ணனுக்கு இல்லை. விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம்தான். ஆனால் அதோடு சேர்த்து வீடியோக்களில் நிறுவச் சொல்லும் 'எக்ஸ்டென்ஷன் பேக்' தனிப்பட்ட உபயோகத்துக்கும் கல்விக்கும் மட்டுமே இலவசம். கம்பெனிக் கணினியில் அதைப் போட்டு வைத்தால் உரிமப் பிரச்சினை அண்ணன் தலையில் விழும். உங்களுக்கும் அந்த பேக் தேவையில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் 7 முதல் யுஎஸ்பி 2, யுஎஸ்பி 3 ஆதரவு அடிப்படைத் தொகுப்பிலேயே வந்துவிட்டது.

ராம்தான் குறை என்றால் உங்கள் லேப்டாப்பிலேயே கூட்டிப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் 'மெமரி' பக்கத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற வரி இருக்கும். இரண்டில் ஒன்று காலி என்றால் கணினிச் சாமான் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் ஒரு 8 ஜிபி லேப்டாப் ராம் வாங்கிப் போடலாம். டிடிஆர்4-ஆ, டிடிஆர்5-ஆ என்று லேப்டாப் மாடல் எண்ணை வைத்து முதலில் உறுதி செய்யுங்கள், ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் நுழையாது. லேப்டாப்பையும் கையோடு கொண்டுபோய், அங்கேயே போட்டு, டாஸ்க் மேனேஜரில் 16 ஜிபி தெரிந்த பிறகு காசு கொடுங்கள், பில்லும் கேட்டு வாங்குங்கள். சில மெல்லிய மாடல்களில் ராம் போர்டிலேயே பற்றவைத்திருக்கும். அவற்றில் கூடுதல் ஸ்லாட் நிஜமாகவே இருக்கிறதா என்பது பின்மூடியைத் திறந்தால்தான் தெரியும், அதைக் கடைக்காரர் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் போகட்டும், செமினாருக்கு 2 ஜிபி கொடுத்த ஹைக்கூவே போதும். அன்றைக்கு குரோமை மட்டும் மூடிவிட்டுத் தொடங்குங்கள்.